பனியன் பெட்டிக்குள் இருந்தது

அந்த நாட்களில் தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் எங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிற ஆள் நான் ஒருத்திதான். அறிவிப்பு வந்த சில நாட்களில் காவல் நிலையத்திலிருந்து என் கணவருக்குப் போன் வரும். மேடத்தின் வெப்பனைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுங்கள் என்பார்கள். மேடம் என்பது நான். வெப்பன் என்பது என் பெயரில் இருந்த ரிவால்வர். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கும் வரைக்கும் அது காவல் நிலையத்தில் இருக்கும், அதற்கான ரசீது என் கைப்பையில் இருக்கும். ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றி ஊரே புலம்பும்போது நான் மட்டும் இன்னும் இரண்டு வாரம் நீளக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

அது மாமனாருடையது. அவருக்குத் திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டும் பொங்கலூர்ப் பக்கம் ஒரு தோட்டமும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் தனியாகப் போய்வருகிறவர் என்பதால் பல வருடங்களுக்கு முன்பே உரிமம் வாங்கியிருந்தார். பயிற்சியைத் தவிர ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. அவர் இறந்த பிறகு, வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒப்படைத்துவிட வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸில் சொன்னார்கள். ஒப்படைப்பது என்ற பேச்சையே அத்தை எடுக்க விடவில்லை.

"அது அவரு இடுப்புல கெடந்தது கண்ணு. அதைப் போயி கண்டவங்க கையில குடுக்கறதா?"

கணவர் பெயருக்கு மாற்ற முடியவில்லை. தோட்டத்துக்குப் போகும் பைப் லைன் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரரோடு கைகலப்பாகி, இவர்மேல் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அத்தைக்குக் கண் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. மிஞ்சியது நான். எம்.காம். படித்தவள், எந்த வழக்கும் இல்லாதவள், கையெழுத்து அழகாக இருக்கும். மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டார். சரிங்க அத்தை என்றேன். அப்போது எனக்குத் திருமணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் எது கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். முடியாதுங்க என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அதிகம் போனால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார்.

கோயம்புத்தூரில் ஒரு ரைஃபிள் கிளப்பில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே சொல்லிக்கொடுத்தவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குறி பார்க்கச் சொல்லித் தந்ததைவிட விதிகளைத்தான் அவர் அதிகம் சொன்னார். குண்டும் துப்பாக்கியும் ஒன்றாகச் சேர்ந்து இருக்கக் கூடாது. வேறொருவர் கையில் கொடுக்கக் கூடாது, கணவராக இருந்தாலும். என் உரிமப் புத்தகத்தைப் புரட்டி, எந்த எல்லை வரை செல்லும் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். தமிழ்நாடு முழுவதும் என்று இருந்தது.

"இதுல எந்த மாநிலம் போட்டிருக்கோ அதுதாம்மா உங்களுக்கு. ஒரு அடி தாண்டினாலும் உங்க கையில இருக்கறது லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி. தெரியாமப் போயிட்டேன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. உள்ள வெச்சிருவாங்க, ஜாமீனுக்கு நாளாகும்."

அப்போது எனக்கு மகள் பிறக்கவில்லை. அதனால் அந்தப் பேச்சை ஒரு பாடத்தைப் போலத்தான் குறித்துக்கொண்டேன்.

மகள் பிறந்து தவழத் தொடங்கியதும் அந்த வாக்கியங்கள் எல்லாம் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தன. ரிவால்வர் பீரோவின் உள் லாக்கரில் இருக்கும். சாவி என் தாலிக்கொடியில் ஊக்கோடு தொங்கும். பூட்டியிருக்கிறதா என்று காலையில் ஒரு முறை இழுத்துப் பார்ப்பேன், மகள் அந்த அறைப் பக்கம் போனால் இன்னொரு முறை. பீரோவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இவள் சமையல்கட்டுக்கே போகிறாள் என்று கணவர் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு மறுபடி இழுத்துப் பார்ப்பேன்.

மகளுக்கு மூன்று வயதானபோது ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்று முடிவானது. அத்தை ஈரோட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். நாங்களும் கிளம்பினால் வீடு நாள் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். அந்த வாரம்தான் எங்களுக்கு இரண்டு வீதி தள்ளி ஒரு வீட்டில் பட்டப்பகலில் பீரோவை உடைத்திருந்தார்கள். எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. நகை போனால் போகட்டும், அது போனால்? அதை எடுத்துப் போனவன் யாரையாவது சுட்டால், போலீஸ் யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

காவல் நிலையத்தில் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் கணவர் சிரிப்பார். பீரோவிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா என்று யோசித்தேன். கோயிலில் நின்றுகொண்டு அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். போகிற இடம் தமிழ்நாட்டுக்குள்தான், உரிமம் என் பெயரில்தான், என்னோடு இருப்பதுதான் சட்டப்படியும் சரி என்று கடைசியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணவரிடம் சொல்லவில்லை. குண்டுகளை ஒரு சின்ன ஜிப் பையில் போட்டுக் கைப்பையின் ஓர் அறையிலும், ரிவால்வரைப் பனியன் துணியில் சுற்றி இன்னொரு அறையிலும் வைத்தேன். உரிமப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன்.

பல்லடம் தாண்டிப் பெட்ரோல் போட நின்றோம். கணவர் இறங்கிக் காற்றுப் பிடிக்கப் போனார். நான் சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் மகள் பிஸ்கட் தேடி என் கைப்பைக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள். அவள் விரல்கள் அந்தத் துணிச் சுற்றைப் பிடித்து இழுத்தன.

"இது கனமா இருக்கும்மா," என்றாள்.

அதில் குண்டு இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் சுற்றை அவள் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன். கணவர் முன் டயருக்குக் குனிந்திருந்தபோது நான் இறங்கிப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தேன். அங்கே ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதன் அடியில், குழந்தைகளின் சைஸ்கள் அடுக்கியிருந்த வரிசைக்குக் கீழே, அந்தத் துணிச் சுற்றைச் செருகினேன். மேலே டி-சர்ட்டுகளைப் பழையபடி அடுக்கி மூடினேன். மகள் கைக்கு எட்டாத இடம். அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்காரரின் காரைத் திறந்தாலும் டிக்கியில் இப்படி ஒரு பெட்டி இருக்கும். ஆர்டருக்கு மேல் மிஞ்சிய பீஸ்கள், கேன்சல் ஆனவை. ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுகிறவர், பேங்கில் இருப்பவர், வண்டியை நிறுத்துகிற போலீஸ்காரர், வழி சொல்கிறவர், யாராக இருந்தாலும் எங்கள் ஆட்கள் உடனே கேட்பது, உங்களுக்கு என்ன சைஸ்ங்க என்பதுதான். அவர்கள் அதை லஞ்சமாக நினைப்பதில்லை. தென்னந்தோப்புக்காரர் வந்தவர்களுக்கு இரண்டு தேங்காய் போட்டு அனுப்புவது போலத்தான். திருப்பூர் என்று சொன்னால் மற்றவர்களும் விடுவதில்லை, பனியன் இல்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

கோயிலில் கூட்டம் அதிகம் இல்லை. அம்மன் முன்னால் நின்றபோது ஒன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. டிக்கி சரியாக மூடியிருக்கிறதா என்பதுதான் மனத்தில் இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். கோயம்புத்தூரின் மேற்குப் பக்கம் இருக்கும் ஒரு லேபிள் கம்பெனியில் சாம்பிள் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதாக ஏற்பாடு. மகள் என் மடியில், வழக்கம்போல என் முழங்கைத் தோலைக் கிள்ளிப் பிடித்தபடி தூங்கிவிட்டாள். அவளுக்கு அந்த முழங்கை இல்லாமல் தூக்கம் வராது. நானும் கண்ணயர்ந்தேன்.

விழித்தபோது சாலை குறுகலாக இருந்தது. இரண்டு பக்கமும் தென்னை. ஒரு கடைப் பலகையைப் படிக்கப் பார்த்தேன், படிக்க முடியவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அடுத்த பலகையையும் படிக்க முடியவில்லை. எழுத்து மலையாளம்.

"ஏனுங்க, இது எந்த ஊருங்க?"

மெயின் ரோட்டில் தேங்காய் நார் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்ததாம். மேப் இந்த வழியைக் காட்டியதாம்.

"கேரளாதான் அம்மணி. கொஞ்ச தூரந்தான், அந்தப் பக்கமா வெளிய வந்துரலாம்," என்றார், டீ குடித்துவிட்டு வரலாம் என்று சொல்வது போல.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மாநில எல்லை என்பது வாய்க்கால் வரப்பு மாதிரி. காலையில் இங்கே, மாலையில் அங்கே. அவருக்கும் அப்படித்தான். வண்டியைத் திருப்புங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முன்னால் சோதனைச்சாவடியின் தடுப்புக் கம்பம் தெரிந்தது. எங்களுக்கு முன் இரண்டு கார்கள், பின்னால் ஒட்டினாற்போல ஒரு பஸ். கண்ணெதிரே வண்டியைத் திருப்பினால் எவரும் சும்மா விடமாட்டார்கள். சொன்னால் கணவர் முகம் மாறும், அந்த முகத்தைப் பார்த்தே சந்தேகப்படுவார்கள் என்று தோன்றியது. சொல்லாமல் இருந்தால்? ஒரு அடி தாண்டினாலும், என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னது காதுக்குள் கேட்டது. நான் எத்தனை அடி தாண்டியிருந்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டு போனால் இன்று மாலை இவள் யார் முழங்கையைப் பிடித்துத் தூங்குவாள்? அத்தனை பயத்திலும் எனக்குத் தெளிவாக ஓடிய நினைப்பு அது ஒன்றுதான்.

எங்கள் முறை வந்தது. காக்கி உடையில் இருந்த ஒருவர் குனிந்து, எங்கேயிருந்து வருகிறோம் என்று கேட்டார்.

"திருப்பூருங்க சார்."

"திருப்பூரோ? அப்போ பனியன் உண்டல்லோ," என்று சிரித்தார். பிறகு, "டிக்கி ஒண்ணு தொறக்கணும், கேட்டோ," என்றார்.

கணவர் உற்சாகமாக இறங்கினார். நான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கி மேலே எழுந்து பின்கண்ணாடியை மறைத்தது. அதன்பிறகு குரல்கள் மட்டும்தான். தேங்காய்ப் பை, கோயில் பிரசாதம், ஸ்டெப்னி டயர். பெட்டியில் என்ன என்று கேட்டார். சர்ப்ளஸ் பீஸ் என்றார் கணவர். அவருக்கு என்ன சைஸ் என்று அடுத்த மூச்சிலேயே கேட்டார். அந்த ஆள் தனக்கு வேண்டாம் என்று சொன்னது காதில் விழுந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், கொட்டகைக்குள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த இன்னொருவர் தன் மகளுக்கும் கேட்டு விளையாட்டாகக் குரல் கொடுத்தார்.

"எண்டே மோளுக்கு உண்டோ? நாலு வயசு."

"இருக்குதுங்க சார். அடியில இருக்குது," என்றார் என் கணவர்.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் போய் நின்றபோது அவர் மேல் வரிசையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாவது வரிசையில் கை வைத்திருந்தார்.

"அடியில இருக்கறது வேண்டாங்க. எல்லாம் டேமேஜுங்க, ஓட்டை விழுந்தது," என்றேன்.

அதைவிடத் தப்பான ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்க முடியாது. நிட்டிங் போடுகிறவரிடம் உங்கள் துணியில் ஓட்டை என்று, அதுவும் வெளி ஆட்கள் முன்னால் சொன்னால் அவர் சும்மா இருப்பாரா? கணவர் முகம் சுண்டிவிட்டது.

"ஓட்டையா? நம்ம துணியிலயா? யாரு சொன்னா உனக்கு?"

காட்டிவிடுகிறேன் பார் என்பது போல அவர் கை பெட்டியின் அடியைத் தேடி இறங்கியது. அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நான்கைந்து வருட வாழ்க்கையில் நாலு பேர் பார்க்க நான் அவர் கையைத் தொட்டதே இல்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற காக்கிச் சட்டைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஏதாவது செய்ய வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. தோளில் தொங்கிய மகளின் பையைத் திறந்து, மாற்று உடுப்பாக வைத்திருந்த மஞ்சள் நிற டி-சர்ட்டை எடுத்து நீட்டினேன். புதுசுங்க சார், இன்னும் போடவே இல்லை என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

மகள் அப்போதுதான் முழுதாக விழித்தாள். மஞ்சள் சட்டை அவள் ஆசையாகப் பொறுக்கி எடுத்தது. "என்னுது!" என்று ஒரு கத்துக் கத்தி, அழ ஆரம்பித்துவிட்டாள்.

மேஜையில் இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். குழந்தையின் உடுப்பு எனக்கு வேண்டாம் என்று கையை ஆட்டினார். பக்கத்தில் நின்றவர் சட்டையை என் கையிலிருந்து வாங்கி மகளின் தோளில் போட்டு, போகச் சொல்லி டிக்கியைத் தானே அழுத்தி மூடினார். அது மூடிய சத்தம் இன்றைக்கும் எந்தக் கார் டிக்கி மூடினாலும் எனக்குக் கேட்கிறது.

அதன்பிறகும் கேரளாவுக்குள் போக வேண்டிய தூரம் இருந்தது. கணவர் எதுவும் கேட்கவில்லை. துணியைக் குறை சொன்னதற்காகக் கோபம் என்று நினைத்தேன். எதிரில் ஒவ்வொரு போலீஸ் ஜீப் வரும்போதும் மகளை இறுக்கிப் பிடித்தேன். அவள் வலிக்கிறது என்று சிணுங்கினாள். இப்போதே சொல்லிவிடலாமா, சொன்னால் பதற்றத்தில் எங்காவது மோதிவிடுவாரா, சொல்லாமலே வீடு போய்ச் சேர்ந்துவிடலாமா என்று மாறி மாறி யோசித்தேன். மறுபடி தமிழில் ஒரு கடைப் பலகை வந்தது. பஞ்சர் கடை. அதை நான் மூன்று தடவை படித்தேன். கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

சொன்னேன். பெட்ரோல் பங்க், பிஸ்கட், பெட்டியின் அடி, எல்லாவற்றையும். அவர் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். பீரோவைக் கும்பிடுகிறவள் என்று என்னைச் சொல்வது போல இதையும் ஒரு கதையாக ஆக்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் விட்டது அந்தக் கையைத்தான். அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. சோதனைச்சாவடியில் இருந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அம்மணி," என்றார். பிறகு, "தெரியாம நானே எடுத்து அவங்க கையில குடுத்திருப்பேன். பிடிச்சா உன்னையத்தான பிடிப்பாங்க," என்றார்.

லேபிள் கம்பெனிக்குப் போகவில்லை. நேராக வீடு.

அத்தை ஈரோட்டிலிருந்து வந்ததும் அவரிடம் சொல்ல வேண்டியது நான்தான் என்று கணவர் சொல்லிவிட்டார். கேரளாவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பெட்ரோல் பங்கில் நடந்ததை மட்டும் சொன்னேன். பாப்பா பைக்குள் கையை விட்டு அதை இழுத்துவிட்டாள், இனிமேல் அது நம் வீட்டில் வேண்டாங்க அத்தை, ஒப்படைத்துவிடலாம் என்றேன். அவரிடம் நான் வேண்டாம் என்று சொன்ன முதல் விஷயம் அதுதான். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தப்புச் செய்துவிட்டேனோ, வேறு விதமாகக் கேட்டிருக்கலாமோ என்று அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தன் பெட்டியிலிருந்து மாமனாரின் தோல் உறையை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். அதை அவர் தனியாக வைத்திருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது.

"இதையும் சேத்துக் குடுத்துரு சாமி. ஒறைய மட்டும் வெச்சுட்டு நான் என்ன பண்ண?"

காவல் நிலையத்துக்கு மூவரும் போனோம். மகளும் கணவரும் வண்டியில் இருக்க, நான் மட்டும் உள்ளே போனேன். அங்கே பதிவேடு எழுதும் ரைட்டர் என்னைப் பார்த்ததும், எலெக்‌ஷன் இன்னும் அறிவிக்கவில்லையே மேடம் என்றார். உரிமத்தையே ரத்து செய்யக் கேட்டு வந்திருக்கிறேன் என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. உரிமத்துக்காக வருடக்கணக்கில் அலைகிறவர்கள்தான் அவருக்குப் பழக்கம். கலெக்டருக்கு ஒரு மனு எழுதச் சொல்லித் தாளைக் கொடுத்தார். அதில் காரணமும் எழுத வேண்டும் என்றார்.

காரணத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். உண்மையை எழுதினால் நான் எல்லை தாண்டியதை நானே எழுதிக் கொடுத்தது போலாகும். எழுதாவிட்டால் பொய். பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் 'என் மகளுக்கு மூன்று வயது' என்று எழுதினேன்.

ரைட்டர் படித்துவிட்டு, இது மட்டும் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். ரிவால்வர் எண்ணையும் குண்டுகளையும் சரிபார்த்து, ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தார். அதை மடித்துப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ரைட்டரும் டீ குடிக்க என் பின்னாலேயே வந்தார்.

அவரைப் பார்த்ததும் கணவர் பழக்கதோஷத்தில் வண்டியிலிருந்து இறங்கினார்.

"சார், உங்களுக்கு என்ன சைஸ்..." என்று ஆரம்பித்தவர் டிக்கியில் கை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு, போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.